லாக்லன் இல்லாத அணி

இன்வர்நெஸ், ஞாயிறு

என் அன்பே,

கால்பந்து அரையிறுதியில் ஜெயித்துவிட்டோம். நீ உன் அண்ணன் லாக்லன் வீட்டிலேயே தங்கிவிட்டதில் எனக்குக் கோபமில்லை.

நான் தடுப்பாட்டக்காரனாக இருந்த காலமெல்லாம் என் பக்கத்தில் நின்றவன் அவன். அவன் முழங்கால் இனி தாங்காது. அணியின் மேலாளராக அதை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் பெயரில்லாத அணிப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டு நழுவினேன்.

அவனே என்னைத் தேடி வந்து, "என்ன மச்சான், மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே!" என்றான். அதோடு விட்டுவிட்டான். தனக்குப் பதிலாக ஆடப்போனவனைக் கூப்பிட்டு, "அந்த ஒன்பதாம் நம்பர் இடது பக்கந்தான் திரும்புவான், விட்டுடாதே" என்றான். கடைசி நிமிடத்தில் எதிரணியின் அந்த ஒன்பதாம் நம்பர் அப்படியேதான் திரும்பினான். நம் ஆள் பந்தைப் பறித்தான்.

எல்லாரும் என் கையைக் குலுக்கினார்கள்.

திரும்பும்போது லாக்லன் மழையில் நொண்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். நான் காரை நிறுத்தவில்லை.

உன் கணவன்