கணுச்செடிக்கு ஊற்றிய அபிஷேகத் தண்ணீர்

மயிலாப்பூர்
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கயலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், இரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகன் துணை. போனில் பேசும்போது உனக்கு ஏதாவது வேலை இருக்குமோ என்ற நினைப்பிலேயே சொல்ல வந்ததை விட்டுவிடுகிறேன், அதனால்தான் கடிதம்.

நீ கூடத்தில் வைத்துவிட்டுப் போனாயே, கரும்பு மாதிரி கணுக்கணுவாகத் தண்டும் வெள்ளைப் புள்ளி இலையுமாக ஒரு செடி, அது ஆடியிலிருந்தே சரியில்லை. அடி இலைகள் மஞ்சளாகித் தொங்கின. வெளிச்சம் போதவில்லையோ என்று ஜன்னலோரம் நகர்த்தினேன், வெயில் அதிகமோ என்று மறுபடி உள்ளே இழுத்தேன். தண்டின் அடியைத் தொட்டால் கனிந்த வாழைப்பழம் போல அமுங்கியது. வேலைக்கு வரும் ஆரோக்கியமேரி, "இன்னா சார், ஊட்டுக்குள்ள புளிச்ச நாத்தம் அடிக்குது, பால் கொட்டிக்கினீங்களா" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. உன் அம்மா இருந்தவரை வேலுக்கு அபிஷேகம் செய்த பாலையும் தண்ணீரையும் கால்படாத இடமாகக் கீழே செம்பருத்தி அடியில் ஊற்றிவிட்டு வருவாள். அவளுக்குப் பிறகு பூஜை என் கைக்கு வந்தது. கீழே போனால் எல்லோரும் துக்கம் விசாரிப்பார்களே என்று தயங்கி, அதையெல்லாம் உன் செடித் தொட்டியிலேயே ஊற்றிவந்தேன். அதுவும் கால்படாத இடம்தானே என்று நினைத்தேன். வேர் அழுகிவிட்டது. மேரியிடம் சொன்னால், "தெனம் பால் ஊத்துனா செடி சாமியாத்தான் பூடும்" என்று சிரிக்கிறாள். இப்போது நானே கீழே கொண்டுபோய் ஊற்றுகிறேன். யாரும் ஒன்றும் விசாரிப்பதில்லை, எல்லோருக்கும் அது பழைய சங்கதியாகிவிட்டது.

நல்ல தண்டுவரை வெட்டி வேறு மண்ணில் வைத்தால் பிழைக்கும் என்று படித்தேன். பல இடங்களில் படித்தும் தைரியம் வரவில்லை. பிழைக்காவிட்டால் நீ வைத்துப்போனது என்று இந்த வீட்டில் உயிரோடு ஒன்றும் இராது. உன்னைக் கேட்கலாம் என்று போனை எடுத்தேன், அங்கே நீ தூங்கும் நேரம். தள்ளிப்போட்டால் அழுகல் மேலே ஏறிவிடும். செடியின் பால் பட்டால் அரிக்குமாம், கையில் பாலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு, அம்மா படத்துப் பக்கம் பார்க்காமல் வெட்டினேன். வெட்டிய இடம் உலர்ந்ததும் தலைப்பகுதியை மணலும் தேங்காய் நாரும் கலந்த மண்ணில் நட்டேன். மீதித் தண்டை எறிய மனமில்லாமல், அதில் ஒரு துண்டை இன்னொரு தொட்டியில் படுக்கவைத்தேன். விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

தலைப்பகுதி போய்விட்டது கயல். இலைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. என் கைதான் சரியில்லையோ என்று இருந்தேன். இன்று காலை, படுக்கவைத்த துண்டின் கணுவில் அரிசி முனையளவு பச்சை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், முளைதான். "வடிவு, இங்கே வந்து பாரேன்" என்று உன் அம்மாவை வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டேன். சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

பொங்கலுக்கு வரட்டுமா என்று போன மாதம் நீ கேட்டபோது, எனக்காகச் சிரமப்படாதே என்றேன். அது உண்மையில்லை. லீவு கிடைத்தால் வா அம்மா.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் என் ஆசிகள். காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே.

உன் அப்பா
சிதம்பரநாதன்