லில்லியன் டேனுக்கு அம்மா கிடையாது

ரிவிங்டன் தெரு, நியூயார்க்
9 மார்ச் 1925

அன்புத் தங்கை பெய்லாவுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகம்தான் இப்போது பத்திரிகையிலேயே வருகிறதே! சினிமாவில் லில்லியன் டேன் ஆகிவிட்ட நீ வியன்னா மருத்துவர் ஒருவரின் ஒரே மகளாம். அப்பா அம்மா இருவரும் போரில் இறந்துவிட்டார்களாம். நம் அப்பா தையல் மிஷினில் குனிந்தபடியே செத்தார், அது போகட்டும். அம்மா உயிரோடு இருக்கிறாளேடி! மீன்காரி ஸ்லாத்தா, துக்க வீட்டுக்குக் கொண்டுபோவதுபோல அவித்த முட்டையைத் தட்டில் எடுத்துவந்து, "கிட்டலக்கா, நீ செத்துட்டியாமே, சாப்பிடு" என்றாள். அம்மா சிரித்துக்கொண்டே தின்றாள். அப்புறம் உன் சின்ன வயசு கவுனை எடுத்து மடித்து மடித்து வைத்தாள்.

உன் படம் இங்கே வெளியாகும்போது நீயும் வருகிறாயாமே. அம்மாவை வந்து பார். எனக்கு ஆறாம் மாதம்.

உன் அக்கா,
டோபா

ஹாலிவுட்
20 மார்ச் 1925

அன்பு அக்கா,

கோபித்துக்கொள்ளாதே. அதெல்லாம் கம்பெனியின் விளம்பரக்காரர் கட்டிய கதை. யூதத் தையல்காரர் மகளை எவன் காசு கொடுத்துப் பார்ப்பான் என்கிறார். இந்த ஊரில் எல்லோரும் புதிதாகப் பிறந்தவர்கள்தானே? எனக்குக் கொஞ்சம் வசதியான வீட்டில் பிறக்க ஆசை.

தியேட்டருக்கு மட்டும் அம்மாவை அழைத்து வராதே. மறுநாள் நானே வீட்டுக்கு வருகிறேன், சத்தியமாக.

பெய்லா

நியூயார்க்
27 ஏப்ரல் 1925

பெய்லாவுக்கு,

தியேட்டருக்கு அம்மாவை நான் அழைத்து வரவில்லை. பஸ்கா பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் கவுனைப் போட்டுக்கொண்டு அவளே கிளம்பிவிட்டாள். இந்த வயிற்றோடு நான் பின்னால் ஓடினேன். "பெய்லா! கண்ணு!" என்று கூப்பிட்டாள். நீ திரும்பினாய். கேமராக்காரர்கள் பார்த்திருக்க, புன்னகையோடு கிட்டே வந்து, உன் படமொன்றில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து, "உங்க பேரு?" என்று கேட்டாய். பெற்றவளிடம்! அவளோ உன் பிழைப்பு கெட்டுவிடக் கூடாதென்று, "கிட்டல்" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் உனக்காக மீன் உருண்டை செய்து வைத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வராமலே ரயில் ஏறிவிட்டாயே, உனக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா?

டோபா

ஹாலிவுட்
14 ஜூன் 1925

அன்பு அக்கா,

பெண் பிறந்திருப்பதாக மெண்டல் அத்தானின் தந்தி கிடைத்தது. ரொம்ப சந்தோஷம். அன்றைக்கு நான் என்ன செய்ய முடியும், சொல்? சுற்றிலும் பத்திரிகைக்காரர்கள். அம்மாவிடம் நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். குழந்தைக்கு என் பெயரை வை. இங்கே என்னைப் பெய்லா என்று கூப்பிட ஒருவரும் இல்லை. அந்த வீட்டில் தினமும் அந்தப் பெயர் காதில் விழுந்தால் அம்மாவுக்கும் ஆறுதலாக இருக்கும்.

லில்லியன்

நியூயார்க்
29 ஜூன் 1925

மிஸ் லில்லியன் டேன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உயிரோடு இருப்பவரின் பெயரை நாங்கள் பிள்ளைக்கு வைப்பதில்லை. செத்தவர்களின் பெயரைத்தான் வைப்போம். இது எங்கள் தெருவில் கோலி விளையாடும் பொடிசுகளுக்கும் தெரியும்.

"தெரிஞ்சுதான் கேக்குறாளோ?" என்றார் மெண்டல்.

"இல்லப்பா. மறந்தே போயிட்டா" என்று சொல்லி அம்மா அழுதாள்.

நான் முடியவே முடியாது என்றேன். எவ்வளவு கோபம் இருந்தாலும் தங்கை தங்கைதானே. இரண்டு நாள் அழுது ஓய்ந்தபின் அம்மாவே, "அவ கேட்டதைக் குடுத்துடு டோபா" என்றாள்.

சனிக்கிழமை தொழுகைக் கூடத்தில் பெயர் சூட்டினோம். பெயரைக் கேட்டதும் ஒவ்வொருவராக வந்து அம்மாவின் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார்கள். அம்மா யாரிடமும் மறுத்துப் பேசவில்லை.

பெய்லா நன்றாகப் பால் குடிக்கிறாள். இந்தக் குடும்பத்தில் அந்தப் பெயரில் இருப்பவள் அவள் ஒருத்திதான்.

இப்படிக்கு,
திருமதி டோபா மெண்டல்