மூன்றாவது வரி

சிவகாசி
10.7.2006

அன்பு நாதியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன் செய்தால் துண்டித்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். நம் டிசைன் சென்டர் கம்ப்யூட்டரில் நீ போட்டுக் கொடுத்த லினக்ஸ், புதியது வந்திருக்கிறது, ஏற்றவா என்று கேட்டது. சரி என்று தட்டினேன். அதோடு படம் போச்சு. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துதான் ஓடுகிறது. கிராபிக்ஸ் கார்டு டிரைவர் கோளாறாம். ரிப்பேர் கடைக்காரர் லினக்ஸ் என்றதும் கையை விரித்துவிட்டார். விஸ்வநத்தம் பட்டாசு கம்பெனி ஒச்சப்பன் அண்ணாச்சியின் லேபிள் எல்லாம் அதற்குள் மாட்டிக்கொண்டது. ஆடிப்பெருக்குப் பூஜைக்குள் கொடுக்காவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும். கோபத்தை விட்டு வழி சொல்லு.

பைசல்

சாத்தூர்
14.7.2006

மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உம்மாவும் நானும் நலம். திரையில் வருவதை எல்லாம் ஓர் எழுத்து விடாமல் கையால் எழுதி அனுப்புங்கள். ஒரு புள்ளி விட்டாலும் எனக்குப் புரியாது.

பெருநாள் விருந்துக்கு வந்த அண்ணாச்சியிடம் என் மயில் லேபிளைக் காட்டி, "நான் வரைஞ்சது அண்ணாச்சி, இவ சும்மா பட்டன அமுக்குவா" என்றீர்கள். நான் பிரியாணிச் சட்டியோடு பக்கத்தில்தான் நின்றேன். பட்டன் அமுக்குகிறவளுக்கு அம்புட்டுத்தானே தெரியும்?

நாதியா

சிவகாசி
21.7.2006

நாதியாவுக்கு,

பதினோரு பக்கம் வந்திருக்கிறது. இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எழுதி விரல் வீங்கிவிட்டது. அன்றைக்கு ஏதோ வாய் தவறி வந்துவிட்டது. அதற்காக வீட்டை விட்டுப் போவார்களா? அண்ணாச்சி தினமும் ஆள் அனுப்புகிறார். உடனே பதில் போடு.

பைசல்

சாத்தூர்
4.8.2006

மச்சானுக்கு,

பதினோரு பக்கமும் கிடைத்தது. படிக்கவில்லை. உங்கள் முதல் கடிதத்திலேயே கோளாறு தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டரைப் போட்டதும் எஸ்கேப் பட்டனை அமுக்குங்கள். ஒரு பட்டியல் வரும். மூன்றாவது வரிதான் பழைய லினக்ஸ். அதைத் தேர்ந்தெடுத்தால் பழைய டிரைவரோடு படம் வந்துவிடும். ஒரு நிமிட வேலை. வேண்டுமென்றேதான் எழுத வைத்தேன். நீங்கள் எழுதிக்கொண்டிருந்த நாளெல்லாம் எனக்கு நல்ல தூக்கம்.

அண்ணாச்சி அலுத்துப்போய் சாத்தூருக்கே வந்தார். "மயில வரைஞ்சது யாரும்மா, உள்ளதச் சொல்லு" என்றார். பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரில் அவர் முன்னாலேயே உட்கார்ந்து இறகுக்கு இறகு மறுபடி வரைந்து காட்டினேன். நேற்றுப் பூஜையில் அந்த லேபிள் ஒட்டிய பெட்டியைத்தான் வைத்தார்கள். மூலையில் பொடி எழுத்தில் என் பெயர் இருக்கிறது. அடுத்த சீசனுக்கும் என்னிடமே ஆர்டர் கொடுத்துவிட்டார்.

உங்களைவிட்டுப் பிரிய ஜமாத்தில் குலா கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கூப்பிடுவார்கள். வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

நாதியா