தலைவர் தம்பியின் மனைவிக்கு

மகளுக்கு,

பதுளையில் விடாத மழை. அம்மா நலம்.

ஞாயிற்றுக்கிழமை கொஸ்லந்தைக்கு வேன் வரும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், அது நம் வழக்கம். நீ மட்டும் ஏறு. தொழிற்சங்கத் தலைவர் தேர்தலில் தோற்றதிலிருந்து வெளியே தலைகாட்டப் பயப்படும் அவர் தம்பிக்கு, அதாவது உன் கணவனுக்கு, என் வாசலில் இடமில்லை. சம்பந்தம் பேசியவன் நானே என்று சொல்லிக்காட்டாதே. அன்று தலைவர் தலைவராக இருந்தார்.

இதைப் போனில் சொன்னபோது என்ன கேட்டாய்? "அப்பா, அந்த ஜெர்மன் இளவரசி கதைய வகுப்புல நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன். அரசியலுக்காக அவளை நெப்போலியனின் தம்பிக்குக் கட்டிக்கொடுத்த தந்தை, நெப்போலியன் வீழ்ந்ததும் கணவனை விட்டு வா என்றார். அவள் மறுத்தாள். பரீட்சைக்குச் சொன்னதை நீ வாழ்க்கைக்கு எடுத்துக்கொண்டாய். அந்தத் தந்தை இருவரையும் கோட்டையில் அடைத்துவைத்தார். அது மட்டும் மறந்துவிட்டதா?

இதுவரை எழுதியதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பிரசவ மருந்துச் சாமான்களை மூட்டை கட்டிவிட்டாள்.

"மாப்பிள்ள வரக்கூடாதுன்னா வேன் சும்மா போக வேணாங்க. நானே ஏறிப் போய் அங்கயே பிள்ளையப் பாத்துக்கிறேன். நீங்க கோட்டையில தனியா இருங்க."

வேனில் இருவருமே ஏறுங்கள். வந்ததும் அவன் உன் அம்மாவிடம் பேசிக்கொள்ளட்டும்.

உன் அப்பா