சித்தப்பா தலைக்குள் வீக்கமும் என் வயிற்றெரிச்சலும்

திருப்பருத்திக்குன்றம்,
காஞ்சிபுரம்.

அன்பு மகள் ஸ்ருதிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் டப்ளின் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமாக இருப்பதுதான் இப்போது என் குறை. உன் சித்தப்பா ஜெயக்குமார் ஆஸ்பத்திரியில் படுத்ததிலிருந்து என்னை யாரும் ஏனென்று கேட்பதில்லை, நீ உட்பட. அவனோடு தினமும் வீடியோவில் பேசுகிறாய், எனக்கு ஞாயிற்றுக்கிழமை 'சாப்டியாப்பா' என்று ஒரு வரி. நானும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் போனேன், கேஸ் என்று அனுப்பிவிட்டார். தம்பிக்கு இதய வால்வில் கிருமி, அண்ணனுக்கு வாயு, என் அந்தஸ்து அவ்வளவுதான். அவனுக்குப் பல் பிடுங்கிய பிறகு வந்த காய்ச்சலை உபவாசம் இருந்த சூடு என்று வீட்டோடு எல்லோரும் விட்டுவிட்டோம், அந்தக் கிருமி ரத்தத்தோடு தலைக்குப் போய் அங்கே ரத்தக்குழாயை அரித்து பலூன் மாதிரி உப்ப வைத்துவிட்டது என்று ஸ்கேன் படிக்கிற டாக்டரான நீதானே படம் பார்த்து எனக்கு விளக்கினாய்.

நேற்று சாயம் ஏற்றி மறுபடி ஸ்கேன் எடுத்து முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சாயம் சிறுநீரகத்தைக் கெடுக்காமலிருக்க நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், இருட்டிய பின் எதுவும் உட்கொள்ளாத நம் சமண நோன்பை விடாத இவன் 'பொழுது பூட்ச்சி, தண்ணி தொடமாட்டேன்' என்று வாயை மூடிக்கொண்டான். கெஞ்சினேன், திட்டினேன், 'நீ இன்னா ஸ்கேன் படிச்சவனா, சும்மா இருண்ணா' என்றான். சித்தி போனில் உன்னைப் பிடித்தாள், 'மருந்துன்னு நெனச்சிக் குடி சித்தப்பா' என்றாய், ஒரு செம்பு காலி. நான் பெற்ற பெண்ணின் வார்த்தை அவனுக்குத் தண்ணீரானது, எனக்கு நெருப்பானது. இன்று காலை டாக்டர் சொன்னது இன்னும் உனக்குத் தெரியாது. வாரக்கணக்கில் ஊசி மருந்து போட்டும் வீக்கம் சுருங்கவில்லை, பெருத்திருக்கிறது. வெடித்தால் ஆள் மிஞ்சமாட்டானாம். நாளைக்கே தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு அதை உள்ளேயே அடைக்க வேண்டும், வால்வு ஆபரேஷன் பிறகுதான். இவனோ 'ஸ்ருதி படத்தப் பாத்து சரின்னாதான் கையெழுத்து, இல்லனா வூட்டுக்கு இட்டுக்கினு போங்க' என்கிறான். நீ டூட்டியில் இருக்கிறாய் போல, போனை எடுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதி, ஸ்கேன் படங்களோடு உனக்குப் போனில் அனுப்பச் சொல்லிச் சித்தப்பா மகள் கீர்த்தியிடம் கொடுக்கிறேன்.

அருகன் அருள் உனக்கு எப்போதும் உண்டு, காதை மூடாமல் வெளியே போகாதே. டூட்டி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு நேரத்தை வீணாக்காமல் முதலில் அவனைக் கூப்பிடு. கையெழுத்துப் போட்ட பிறகு இரண்டு பேரும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கொஞ்சிக்கொள்ளுங்கள், நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பொறாமைப்பட்டுக்கொள்கிறேன். பொறாமைப்படவாவது அவன் எனக்கு வேண்டுமம்மா.

உன் அப்பா,
ரிஷபதாஸ்