நான் ஏறும் முன்னே விசில் அடித்துவிட்டீர்கள்

எவ்வளவு கோபம் வந்தாலும் கூப்பிடாமல் இருக்க முடியாத என் அப்பாவுக்கு,

'நலம், நலமறிய ஆவல்' என்றுதான் கடிதம் தொடங்க வேண்டும் என்பீர்கள். நான் நலமாக இல்லை. உங்கள் நலத்தை இனி யாரிடம் கேட்பது? இந்த ஒரு கடிதமாவது பொய் இல்லாமல் இருக்கட்டும்.

டோர்ட்மண்டில் இப்போது யார் முகத்திலும் மாஸ்க் இல்லை. இரண்டு வருஷம் வீட்டு மூலையில் ஆன்லைன் வகுப்பு பார்த்துக் கண் வீங்கினவளுக்கு, கட்டுப்பாடெல்லாம் தளர்ந்ததும் கிடைத்த செமஸ்டர் இது. சின்னவள் ஜெர்மனி போகிறாள் என்று உங்கள் பஸ்ஸில் ஏறினவர்களிடமெல்லாம் டிக்கெட்டோடு சேர்த்துச் சொன்னீர்களாம். பழனி வண்டியில் வந்த என் பழைய கணக்கு டீச்சர்தான் போட்டுக்கொடுத்தார்.

என் கடைசிப் பரீட்சைக்கு இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் உங்களுக்கு நெஞ்சு வலி. ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். சின்னவளுக்கு மூச்சுவிடக் கூடாது, பரீட்சை கெட்டுவிடும் என்று அக்காவிடம் சத்தியம் வாங்கினீர்கள். அதோடு விட்டீர்களா? ஆபரேஷன் முடிந்து சில நாள் பேச முடியாது, குரல் கேட்காவிட்டால் அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று, கட்டிலில் படுத்தபடியே ஐந்து வாய்ஸ் மெசேஜ் பேசி உங்கள் போனில் வைத்தீர்கள். ஆபரேஷன் அன்றைக்கே போய்விட்டீர்கள். அக்கா சத்தியத்தைக் காப்பாற்றினாள்.

பதினோரு நாள், அப்பா. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை உங்கள் குரல் வந்தது. "சாப்பிட்டியாம்மா? கூட்டத்துல மாஸ்க்கக் கழட்டாத." அந்த வாரம்தான் எங்கள் வகுப்பில் மாஸ்க் வேண்டாம் என்று அறிவித்திருந்தார்கள். "உங்க சட்டம்லாம் இங்க செல்லாதுப்பா" என்று சிரித்துப் பதில் அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. நீங்கள் கட்டைவிரல் அனுப்புகிற ஆளா? ரோஜாப்பூ படத்தில் குட் மார்னிங் அனுப்புகிறவர். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லையே என்று இன்னும் என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா வீடியோவில் வரவே இல்லை. நெட் சரியில்லை என்றாள். அந்த நெற்றியை எப்படிக் காட்டுவாள்?

பரீட்சை முடிந்து வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா கூப்பிட்டாள். அப்பா சொன்னபடிதான் செய்தேன் என்றாள். மூன்று தடவை அதையே சொன்னாள்.

கொரோனா உச்சத்தில் இருந்தபோது, துபாயில் இருந்த பெரியப்பா மகன் தன் அம்மாவின் காரியத்தைப் போனில் பார்த்தான். விமானமே இல்லை. பாவம், அவனுக்கு வழியில்லாமல் போச்சே என்று நீங்கள்தான் அன்று முழுக்கப் புலம்பினீர்கள். எனக்கு வழி இருந்ததே! ஃப்ராங்க்ஃபர்ட்டில் இருந்து தினமும் விமானம் பறந்தது. இந்தப் பரீட்சையை இன்னொரு தடவை எழுதலாம், இங்கே அதை யாரும் பெரிதாக நினைக்க மாட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டில் ஓரமாக நின்றிருப்பேன். என் வழியை அடைத்தது நோய் இல்லை, நீங்கள்.

எல்லோரும் உன் நல்லதுக்குத்தானே என்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. நான் அரிசி வாங்குகிற கடையில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருக்கிறார். அவர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. "அவையள் செய்தது பிழை, பிள்ளை. என்ர அப்பா செத்தபோது என்னட்ட விசாக் கடதாசி இல்லை, போக ஏலேல்லை. உமக்கு எல்லாம் இருந்தது." அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன்.

பதினாறாம் நாளுக்கு வரச்சொல்லி அக்கா டிக்கெட் போட்டாள். வர மாட்டேன் என்று போனை வைத்துவிட்டேன். யார் முகத்தில் விழிக்க? அத்தனை சொந்தக்காரர்கள் நடுவிலும் அம்மா அன்று தனியாகக் கிடந்திருக்கிறாள். அதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது, அது நான் செய்தது.

பஸ் ஸ்டாண்டை விட்டு வண்டி நகர்ந்த பிறகும், தூரத்தில் யாராவது கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தால் ஒற்றை விசில் கொடுத்து நிறுத்துவீர்களே. டிரைவர் முணுமுணுத்தால், "ஓடி வர்றவங்கள விட்டுட்டுப் போனா நமக்குச் சோறு எறங்குமாய்யா?" என்பீர்களே. ஊரில் யார் யாருக்கோ நின்ற வண்டி. எனக்கு மட்டும் ஏன் டபுள் விசில்?

ஐந்தாவது மெசேஜைப் பரீட்சைக்குப் பிறகு அனுப்பச் சொன்னீர்களாம். ஒரு மாதம் திறக்காமலே வைத்திருந்தேன். நேற்றுத்தான் கேட்டேன். ஒன்பதே வினாடி. "பரீட்சை முடிஞ்சிருச்சா? மார்க் வந்ததும் மொதல்ல அப்பாகிட்டதான் சொல்லணும், என்ன?"

மார்க் வந்துவிட்டது. அம்மாவுக்கும் சொல்லவில்லை, அக்காவுக்கும் சொல்லவில்லை. முதலில் உங்களுக்குத்தானே. ஆனால் இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். பதினோரு நாள் ஒன்றும் தெரியாமல் நான் இருக்கவில்லையா? ஒரு வாரம் நீங்கள் இருங்கள். அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறேன். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று என் வாயால் சொல்கிறேன், இது சத்தியம். அதுவரைக்கும் விசில் அடிக்காதீர்கள்.

ஓடி வந்துகொண்டிருக்கும்
உங்கள் சின்ன மகள்