மதர் அகதாவும் காக்காய்ச் சோறும்

1995 மார்ச் 14

நாத்தனார் காசியம்மாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தாள். கையில் கால் கட்டிய இரண்டு நாட்டுக்கோழிகள். அவற்றுக்கும் சேர்த்து டிக்கெட் போட்ட கண்டக்டரை வாசலிலிருந்தே திட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

“இன்னா அண்ணி, இப்படி எளச்சிட்டீங்க? அண்ணன் போனா நீங்களும் போயிடணுமா? இதுங்கள அடிச்சு மிளகு ரசம் வச்சுக் குடிங்க. தெம்பு வரும்.”

அவள் போனதும், வீட்டு வேலை செய்யும் பாஞ்சாலையைக் கூப்பிட்டேன். “எனக்குத் திங்கத்தாம்மா தெரியும், கழுத்தைத் திருகல்லாம் வராது” என்றாள். எனக்கும் வராது. கால்கட்டை மட்டும் அவிழ்த்துவிட்டேன். நாளை பார்க்கலாம்.

1995 மார்ச் 15

நாளை பார்க்கலாம்.

1995 மார்ச் 22

இந்தக் கோழிகளுக்கு ஒழுங்கு என்பதே தெரியவில்லை. முன்வாசல் வழியாக உள்ளே வருகின்றன. சாப்பாட்டில் காலை வைத்து நிற்கின்றன. இன்று முதல் பின்வாசல் மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

பெயரும் வைத்தாயிற்று. வெள்ளை உடம்பும் கறுப்புக் கழுத்துமாக இருக்கிறதே, அது நடப்பதைப் பார்த்தால் வேலூர் கான்வென்ட்டில் எங்கள் தலைமையாசிரியை மதர் அகதாவேதான். தப்புச் செய்தவளைப் பார்ப்பது போன்ற அதே பக்கவாட்டுப் பார்வை. இலை விழுந்தாலும் பதறி ஓடும் சிவப்புக் கோழி, தையல் டீச்சர் சிஸ்டர் பிலோமினா. இதில் அவமரியாதை எதுவும் இல்லை. இருவர் மீதும் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

1995 ஏப்ரல் 9

கல்யாணமான நாளிலிருந்து காலைப் பேப்பரை அவருக்கு நான்தான் வாசித்துக் காட்டுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அதாவது தூங்குவார். இன்று பழக்கதோஷத்தில் சத்தமாக ஆரம்பித்துவிட்டேன். இரண்டு வரி வந்த பிறகுதான் — யாருக்கு வாசிக்கிறேன்?

பின்படியில் மதர் அகதா தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். நிறுத்துவது மரியாதையாகப் படவில்லை. தலையங்கம் முழுவதையும் கேட்டாள். பிறகு படியில் எச்சமிட்டாள். அந்தத் தலையங்கத்தைப் பற்றி எனக்கும் அதே கருத்துதான்.

1995 மே 14

சித்ரா பௌர்ணமி. செங்கம் ரோடு முழுக்கக் கிரிவலக் கூட்டம். ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி எங்கள் வேலியோரம் நின்று மதர் அகதாவைக் கைகூப்பிக் கும்பிட்டாள். அகதா ஏற்றுக்கொண்டாள்.

1995 ஜூலை 2

தெருநாய் வந்து கோழிச் சோற்றைத் தின்றுவிடுகிறது. அதனால் தினமும் பதினொரு மணிக்கு, பின்பக்கச் சுற்றுச்சுவர் மேல் இலைத்துண்டு போட்டு அதில் வைக்கிறேன். அகதா பறந்து ஏறிக்கொள்கிறாள். பிலோமினாவைப் பாஞ்சாலை தூக்கிவிட வேண்டும். பங்குக்கு வந்த காக்கைகளை அகதா கொத்தித் துரத்திவிட்டாள். இப்போது அந்தச் சுவர்ப்பக்கம் ஒரு காக்கையும் வருவதில்லை. நல்ல நிர்வாகம்.

அவர் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அலமாரியைத் திறந்தேன். உடனே மூடினேன். கோழிகளுக்கு நேரமாகிவிட்டது.

1995 டிசம்பர் 17

மாறன் பெங்களூரிலிருந்து போன் செய்தான்.

“அப்பா தெவசம் முடிஞ்ச கையோட உங்களை இங்க கூட்டிட்டு வந்துடறேம்மா. வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்.”

“கோழிகள்?”

“மூணாவது மாடியிலயா? அத்தைகிட்ட கொடுத்துடுங்க. அவங்க பாத்துப்பாங்க.”

காசியம்மாள் எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று தெரியும். மிளகு அரைத்துப் பார்த்துக்கொள்வாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? வரவில்லை என்றால் காரணம் கேட்பான். கோழி என்றால் சிரிப்பான். அவர் இருந்த வீடு என்றால் — அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லை. கெஞ்சவும் பழக்கமில்லை.

1996 மார்ச் 8

இரண்டு பெட்டியும் கட்டியாயிற்று. திறந்திருக்கும் பெட்டியில், என் பட்டுப்புடவைகளின் மேல், பிலோமினா ஏறி உட்கார்ந்திருக்கிறாள். இறக்கிவிடவில்லை.

1996 மார்ச் 10

முதல் தெவசம். நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன்.

மாறன் வந்திருந்தான். காசியம்மாள் விடியும்போதே வந்து வடை சுட்டாள். படையல் முடிந்ததும் இலையில் சோறும் பருப்பும் வடையும் பாயசமும் எடுத்துப்போய், பின்பக்கச் சுவரில் காக்காய்க்கு வைத்தாள். அது வந்து வாய்வைத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம்.

காக்காய் வரவில்லை.

“கா… கா…” என்றாள் காசியம்மாள். மாறனும் “கா… கா…” என்றான். எஞ்சினீயருக்குப் படித்தவன். பக்கத்து வீட்டு ஜன்னல்களெல்லாம் திறந்தன. வேப்ப மரத்தில் ஏழெட்டுக் காக்கைகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன, ஒன்றுகூட இறங்கவில்லை. பசியில் மாறன் முகம் கறுத்துவிட்டது.

“அண்ணனுக்கு இன்னா கோவமோ” என்று காசியம்மாள் கண்ணைத் துடைத்தாள். “நீங்க ஊரை விட்டுப் போறது புடிக்கலையோ இன்னாவோ.”

“அத்தே, சும்மா இருங்க.”

அப்போது மணி பதினொன்று. மதர் அகதா ஒரே தாவலில் சுவரில் ஏறினாள். முதலில் வடையைக் கொத்தினாள். பிறகு பாயசம். பிறகு நிதானமாகத் திரும்பி, பக்கவாட்டுப் பார்வையால் எங்கள் மூவரையும் பார்த்தாள்.

காசியம்மாள் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டாள்.

“அண்ணா! நீதானா அண்ணா! கூடவேதான் இருந்தியா? ஐயையோ, உன்னைக் காலைக் கட்டி பஸ்ஸுல தூக்கிட்டு வந்தேனே! ரசம் வைக்கச் சொன்னேனே!”

“அத்தே, அது கோழி.”

“வாயை மூடுறா! உங்கப்பன் மொத வடையத்தான எடுப்பாரு? நீ பாத்ததில்ல?”

அது உண்மை. வடைதான் முதலில். ஆனால் வடையை விட்டுவிட்டு எந்தக் கோழியும் வேறு எதையும் தின்னாது. பதினொரு மணிக்கு அதே சுவரில் அதற்குச் சோறு வைத்துப் பழக்கியவள் நான். காக்கைகள் ஏன் இறங்கவில்லை என்பதும் தெரியும். ஒரு வாக்கியத்தில் விளக்கியிருக்கலாம். கான்வென்ட்டில் எனக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

மாறன் என்னைப் பார்த்தான். “அம்மா, நீங்களாவது சொல்லுங்களேன்.”

“எனக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை” என்றேன்.

“அப்பனை இங்க தனியா வுட்டுட்டு அம்மாவ மட்டும் இட்டுக்கினு போவியா நீ? இல்ல, அவரை மூணாவது மாடியில கூடையில போட்டுக் கவுப்பியா?” என்று காசியம்மாள் அவனைப் பிடித்துக்கொண்டாள். பாயசம் பரிமாறும் வரை விடவில்லை.

நான் பொய் சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை. மதர் அகதா — கான்வென்ட்டில் இருந்தவர் — அதுவும் பொய்தான் என்பார்.

1996 மார்ச் 11

மாறன் தனியாகக் கிளம்பினான். பெட்டிகளைப் பிரித்தாயிற்று. ஒரு பட்டுப்புடவையில் முட்டை இருந்தது.

1996 ஏப்ரல் 20

காசியம்மாள் இப்போது சனிக்கிழமை தவறாமல் வருகிறாள், அண்ணனுக்கு வடை எடுத்துக்கொண்டு. இன்று அவள் கண்ணெதிரிலேயே அண்ணன் முட்டை போட்டுவிட்டார்.

முட்டையையும் கோழியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, “அங்க போனா எல்லாம் மாறும் போல அண்ணி” என்றாள். முட்டையை ஆம்லெட் போடலாமா என்று கேட்டேன். அடிக்க வந்துவிட்டாள். அண்ணன் பிள்ளையாம். அந்தக் கணக்குப்படி அது எனக்கு என்ன முறை என்று யோசித்தேன். தலை சுற்றியது.

1996 ஜூன் 15

ஒட்டுக்கேட்பது நல்ல பழக்கமில்லை. ஆனால் காசியம்மாள் கோழியிடம் சத்தமாகத்தான் பேசுகிறாள்.

“அண்ணா, உன் பொண்டாட்டிக்குத் திமிர் ஜாஸ்திண்ணா. இத்தினி வருசத்துல என்னை ஒருநாள் ராத்திரி தங்கிட்டுப் போன்னு சொன்னதில்ல. தம்ளரைக் கூட எனக்குன்னு தனியா வச்சிருக்குது.”

தனித் தம்ளர் அல்ல. அது விருந்தாளித் தம்ளர். வெளியே போய்த் திருத்த நினைத்தேன். அதற்குள் அவள் குரல் மாறிவிட்டது.

“ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்றதுக்குள்ள போயிட்டியேண்ணா. பஸ்ஸு கெடைக்கலண்ணா. ரெண்டு மணி நேரம் நின்னேன். உன்கிட்ட ஒரு வார்த்தை பேசலியே.”

நான் சமையலறைக்குத் திரும்பிப்போய், நான் குடிக்கும் பீங்கான் கோப்பையில் அவளுக்குக் காபி கலந்தேன். ராத்திரி தங்கிவிட்டுப் போ என்றேன். “இன்னா அண்ணி, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

தங்கினாள். குறட்டை விடுகிறாள். அவர் குறட்டைக்கு இது கம்மிதான்.

1997 பிப்ரவரி 27

இரண்டாம் தெவசம். மாறன் வந்திருந்தான். காசியம்மாள் இரண்டு நாளாகவே இங்குதான் இருக்கிறாள்.

மதர் அகதா அடைகாக்கிறாள். சமையலறை மூலையில் கூடையை விட்டு எழுவதே இல்லை. அது எங்களுக்கு உறைக்கவில்லை. காசியம்மாள் வழக்கம்போல இலையைச் சுவரில் வைத்தாள். வைத்த கையை எடுப்பதற்குள் ஒரு காக்காய் வந்து உட்கார்ந்தது. அண்டங்காக்காய். நேராக வடையிடம் போனது.

“பாத்தீங்களா? அப்பா வந்துட்டாரு” என்றான் மாறன். அவன் முகத்தில் அவ்வளவு நிம்மதி. “அப்போ அந்தக் கோழி வெறும் கோழிதானே அத்தே? அம்மா இனிமேலாவது —”

காசியம்மாள் சுவரைப் பார்த்தாள், சமையலறைப் பக்கம் பார்த்தாள். உதடு நடுங்கியது.

நான் கதவோரம் இருந்த குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். காக்காயைத் துரத்தினேன். அது வேப்ப மரத்துக்குப் போனது. மரத்தையும் ஒரு தட்டுத் தட்டினேன்.

“அம்மா! என்ன பண்றீங்க?”

“இது வேறு யார் வீட்டு ஆளோ” என்றேன். “உன் அப்பா அழைக்காத இலையில் உட்கார மாட்டார். கால் கழுவாமல் சாப்பிடவும் மாட்டார்.”

காசியம்மாள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டு, மாறனைத் திட்ட ஆரம்பித்தாள். நன்றாகத் திட்டினாள்.

புது இலையில் எல்லாம் வைத்து, கூடைக்கு எடுத்துப்போனேன். அவர்கள் இருவரும் கை கழுவப் போயிருந்தார்கள். அகதா கழுத்தை மட்டும் நீட்டி வடையைக் கொத்தினாள்.

“உப்பு சரியாக இருக்கிறதா?” என்று கேட்டேன்.

பதில் இல்லை. அவரும் ஒருநாளும் சொன்னதில்லை.